இரண்டாம் நம்பர் பம்பு

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தின் நிமித்தம் கோயம்புத்தூர் சென்றிருந்தேன். முகூர்த்தம் முடிந்து ரயிலுக்கு நேரம் மிச்சமிருந்தபடியால், பம்பு, மோட்டார் உதிரிபாகங்கள் விற்கும் கடைகள் நெருங்கி நிற்கும் ஒரு வீதியில், வாங்குவதற்கு எதுவுமில்லாதிருந்தும், பழைய பழக்கத்தின் வசத்தால் நடந்துகொண்டிருந்தேன். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்த பிறகு, கவலை இறைத்த கிணறுகளிலெல்லாம் மோட்டாரின் ஓசை கேட்கத் தொடங்கி, அதன் பயனாகப் பம்புத் தொழிலுக்கே தலைநகரமாக வளர்ந்துவிட்ட ஊர் அல்லவா? ஒரு கடை வாசலில், கிராபைட்டும் கொழுப்பும் தோய்ந்த கிளாண்டு கயிற்றைச் சுருளிலிருந்து இழுத்து இழுத்து, பையன் ஒருவன் கத்தியால் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். அந்த வாசனை மூக்கில் பட்டதுதான் தாமதம். காவிரிக் கரையில் நான் முதன்முதலில் உத்தியோகம் ஏற்ற நீரேற்று நிலையமும், அதன் உயர்ந்த ஓட்டுக் கூரையும், எண்ணெய் ஊறிக் கறுத்த தரையும், அங்கே எனக்கு வித்தை கற்பித்த பெரியவர்களின் முகங்களும் ஒருங்கே எழுந்து முன்னால் வந்து நின்றன.

ஊரின் பெயர் இங்கே அவசியமில்லை. நடுத்தரமான ஒரு நகரம். அதற்கு வேண்டிய குடிநீர் முழுவதும் ஆற்று மணலினடியில் ஊறி, 20 அடி விட்டமுள்ள ஒரு கிணற்றில் வந்து சேரும். அந்தக் கிணற்றிலிருந்து நீரை உறிஞ்சி, மேட்டிலிருந்த உயர்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதற்கு மூன்று பம்புகள் இருந்தன. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. நிமிஷத்துக்கு 1,000 காலன் நீரை 160 அடி உயரத்துக்குத் தள்ளுவதாகப் பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது. ஒவ்வொன்றையும் 75 குதிரை சக்தி மோட்டார் ஒன்று சுழற்றியது. அளவை முறையை மாற்றும் சட்டம் 1956லேயே வந்துவிட்டபோதிலும், பழைய யந்திரங்கள் காலனையும் அடியையும் விடவில்லை. அவற்றோடு பழகிய நாங்களும் விடவில்லை. மூன்று பம்புகளின் வாய்க் குழாய்களும் ஒரு பெரிய பொதுக் குழாயில் சென்று கூடின. அப்பொதுக் குழாயின் மேல், தட்டு அளவு முகங்கொண்ட ஓர் அழுத்தமானி, நிலையத்துக்கே அதிபதியைப் போல உட்கார்ந்திருந்தது. மணிக்கு ஒரு முறை பம்பு டிரைவர் அதைப் பார்த்து, லாக் புத்தகத்தில் "65 பவுண்டு" என்று எழுதுவார். ஒவ்வொரு மோட்டாரின் ஆம்பியரையும் எழுதுவார். அத்துடன் அந்த மணியின் கடமை தீர்ந்தது.

அந்தக் காலத்து நீரேற்று நிலையங்களில் மரியாதைகள் நுட்பமானவை. எங்கள் ஃபிட்டர் மேஸ்திரி, என் தகப்பனார் வயதினர். பிறர் முன்னிலையில் என்னைச் "சார்" என்பார். தனியே இருக்கையில் "தம்பி" என்பார். நான் எப்போதும் அவரை "மேஸ்திரி ஐயா" என்றே அழைத்தேன். மூத்த பம்பு டிரைவருக்கோ மூன்று பம்புகளும் வீட்டுப் பிள்ளைகள். ஒன்றாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் 85 ஆம்பியர் இழுக்க, இரண்டாம் நம்பர் மட்டும் 58 ஆம்பியரிலேயே ஓடிவந்தது. "இது ரொம்ப சாது தம்பி. கரண்டே குடிக்காது. சூடேறாது, சத்தம் போடாது" என்று அவர் அதைத் தட்டிக் கொடுப்பார். ஆகவே எந்த முறைப்படி பம்புகளை மாற்றி மாற்றி ஓட்டினாலும், இரண்டாம் நம்பர் மட்டும் ஓய்வில்லாமல் ஓடிற்று.

மேஸ்திரிக்கு அதில் திருப்தியில்லை. மூங்கில் கோல் ஒன்றின் ஒரு முனையைப் பம்பின் உறையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கேட்பார். பிறகு தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். எழுதப் படிக்க அதிகம் அறியாதவராதலால், தம் சந்தேகத்தை அதிகாரிகளிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் அவருக்கு இருந்தது என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

கோடை வந்தது. ஊரின் கடைக்கோடித் தெருக்களில் விடியற்காலை நாலு மணிக்கே குடங்கள் வரிசை கட்டின. குழாயில் காற்றுதான் வந்தது. பிராதுகள் குவிந்தன. பூமிக்கடியில் குழாய் எங்கோ கசிகிறது என்று முடிவு கட்டி, தெருத்தெருவாகத் தோண்டினார்கள். நீர் எங்கும் கசியவில்லை. நிலையத்திலோ மூன்று பம்புகளும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. அழுத்தமானியும் 65 பவுண்டையே காட்டியது. ஆகவே கோளாறு எங்களிடம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எவருக்கும் உதிக்கவில்லை. மொத்த நீரை அளக்கவேண்டிய வெஞ்சுரி மீட்டரின் கடிகாரம் நெடுநாளாக நின்றுபோய், பழுது பார்க்கும் இடத்துக்குப் போனது திரும்பாமலேயே இருந்தது.

இந்த நிலையில்தான், மேலிடத்திலிருந்து மூத்த என்ஜினீயர் ஒருவர் வந்து சேர்ந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டும், மடிப்புக் கலையாத பஞ்சகச்சமும் தரித்து, ஆர்ப்பாட்டமின்றிப் பேசும் பெரியவர். லாக் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "மூன்று பம்பும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று இதில் எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் எங்களுக்கு விளக்கியதை இன்றும் அப்படியே சொல்லக்கூடும். பல பம்புகள் ஒரே குழாயில் இணையாக நீரைத் தள்ளும்போது, அக்குழாயின் அழுத்தம் எல்லாவற்றுக்கும் பொது; தள்ளும் நீரின் பங்கு மாத்திரம் தனித்தனி. வலுவுள்ள பம்பு அப்பொது அழுத்தத்தை வென்று தன் பங்கைச் செலுத்தும். வலுவிழந்ததோ, எதிர்த்து நின்று இயன்றதைத் தள்ளும். அழுத்தம் தன் சக்திக்கு மேற்பட்டுவிட்டால், மோட்டாரும் சுழன்று, இம்பெல்லரும் சுழன்று, உறைக்குள் இருக்கும் நீர் அங்கேயே கடையப்படுமேயன்றி வெளியே ஒரு சொட்டும் போகாது. பொதுக் குழாயின் அழுத்தமானிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தேர் வடம் பிடிப்போர் கூட்டத்தில், வடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வெறுமனே நடப்பவரைத் தூரத்திலிருந்து எப்படிக் கண்டுகொள்ள முடியும்? தேர் நகர்கிறது என்பது மட்டுந்தான் தெரியும்.

உதவி என்ஜினீயர் ஒருவர், "மூன்றும் ஓடும்போது மேல் தொட்டியின் மட்டம் ஏறும் வேகத்தையும், இரண்டாம் நம்பரை நிறுத்திவிட்டு ஏறும் வேகத்தையும் அளந்து கழித்துவிட்டால் போதாதா, சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், இன்றும் பலர் அவ்வாறே செய்கிறார்கள். ஆனால் பெரியவர் தலையசைத்தார். ஒன்றை நிறுத்தியவுடன் பொதுக் குழாயில் ஓட்டம் குறையும்; ஓட்டம் குறைந்தால் உராய்வு குறையும்; உராய்வு குறைந்தால் அழுத்தம் தாழும்; அழுத்தம் தாழ்ந்ததும், மீதமுள்ள இரண்டும் முன்னிலும் அதிகமாகத் தள்ளத் தொடங்கும். ஆகவே கழித்து வரும் மிச்சம், நிறுத்திய பம்பின் உண்மையான பங்கைவிடக் குறைவாகவே தோன்றும். நல்ல பம்பும் அந்தக் கணக்கில் சோம்பேறியாகிவிடும். பம்பின் குணம் தனியே ஓடும்போது ஒன்று, கூட்டத்தில் ஓடும்போது வேறொன்று. தனியே நிறுத்திப் பரீட்சை செய்வதானாலும், கூட்டத்தில் அது எதிர்கொள்ளும் அழுத்தத்தையே அதன் முன் நிறுத்திப் பரீட்சை செய்யவேண்டும் என்பது அவருடைய கட்சி.

மறுநாள் காலை, பம்புக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் இடையிலிருந்த கழுத்துக் குழாயில், துருவேறிக் கிடந்த ஒரு சின்ன அடைப்பைச் சுட்டிக்காட்டி, அதைக் கழற்றும்படி மேஸ்திரியிடம் சொன்னார். பம்பு செய்தவர்களே அழுத்தமானி பொருத்துவதற்கென்று வைத்த துளை அது. பம்பு வந்த நாள் முதல் எவரும் திறந்ததில்லை. மேஸ்திரி மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டி, நெடுங்கைப் பானாவைப் போட்டுத் தம் உடல் பாரத்தை அதன் மேல் இறக்கினார். கிறீச்சென்ற சத்தத்துடன் அடைப்பு ஒரு மயிரிழை திரும்பிற்று. வெளியே எடுத்ததும், துளையில் நிறைந்திருந்த துருவையும் மணலையும் கம்பியால் குத்தி நீக்கி, திருகுச் சுற்றில் சணலும் வெள்ளை ஈயமும் சுற்றி, காக்குடன் கூடிய அழுத்தமானியைப் பொருத்தினார். பெரியவர் அந்த மானியைத் தம் கையோடு, பஞ்சு வைத்த மரப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். 1849ல் பிரான்ஸ் தேசத்து யூஜீன் பூர்தோன் கண்டுபிடித்த அதே வளைந்த குழாய்தான் அதனுள்ளும் இருந்தது. அழுத்தம் ஏறினால் வளைவு நிமிர முயலும், முள் நகரும். மூன்று பம்புகளுக்கும் அந்த ஒரே மானியையே மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். மானியில் ஏதேனும் பிழை இருந்தாலும் அது மூவருக்கும் பொதுவாகிவிடும், ஒப்பிடுகையில் தீங்கு செய்யாது என்பது அதன் தாத்பரியம்.

முதற் பரீட்சை மிக எளியது. பம்பை ஓட்டி, அதன் டெலிவரி வால்வை முற்றிலும் மூடி, முள் எங்கே நிற்கிறதென்று பார்ப்பது. ஒரு நிமிஷத்துக்கு மேல் மூடி வைக்கலாகாது, உள்ளே நீர் கொதித்துவிடும் என்றும், எங்களுடையவை போன்ற மையவிலக்குப் பம்புகளுக்குத்தான் இம்முறை தகும், அச்சுவழியாக நீரைத் தள்ளும் விசிறிப் பம்புகளில் வால்வை மூடினால் மோட்டாரின் பாரம் ஏறி விபரீதமாகும் என்றும் எச்சரித்தார். ஒன்றாம் நம்பர் 80 பவுண்டு காட்டிற்று. மூன்றாம் நம்பர் 79. இரண்டாம் நம்பரில் முள் 68ல் நின்று, அதற்கு மேல் ஏற மறுத்துவிட்டது. மூன்றும் கூடி ஓடும்போது பொதுக் குழாயில் இருப்பதோ 65. பெரியவர் என்னைப் பார்த்து, "மூன்று பவுண்டு மூலதனத்தை வைத்துக்கொண்டு இது என்ன வியாபாரம் செய்யும்?" என்றார்.

அச்சமயம் தண்டின் நுனியில் வேகமானியை அழுத்திச் சுழற்சியையும் குறித்துக்கொண்டோம். காலையில் 1,450 இருந்தது. அந்தி வேளையில், ஊரெல்லாம் விளக்கேற்றியதும், மின்சாரத்தின் அலைவு 50லிருந்து 48க்கு இறங்க, சுழற்சியும் கூடவே இறங்கியது. சுழற்சி நூற்றுக்கு நாலு பங்கு குறைந்தால், அழுத்தம் அதன் வர்க்கப்படி ஏறத்தாழ எட்டுப் பங்கு குறையும். கோடைகாலத்து மாலைகளில் கடைக்கோடித் தெருக்கள் ஏன் அடியோடு வறண்டன என்பதற்கு இதிலேயே விடை இருந்தது. அழுத்தம் எல்லாருக்கும் தாழ்ந்தாலும், ஏற்ற வேண்டிய மேடு தாழ்வதில்லை. வலுவிழந்தது முதலில் கைவிடும்.

மூடிய வால்வு வலுவைக் காட்டுமேயன்றி, பங்கைக் காட்டாது. ஆகவே இரண்டாம் பரீட்சை கிணற்றில் நடந்தது. ஆற்றிலிருந்து நீர் வரும் மடையை அடைத்துவிட்டு, மிதவையும் அளவுப் பலகையும் கட்டி, ஒவ்வொரு பம்பையும் தனியே ஓட்டினோம். தனியே ஓடுகையில் அழுத்தம் தாழ்ந்து அது அளவுக்கு மேல் தள்ளாதிருக்கும்பொருட்டு, அதன் டெலிவரி வால்வைச் சிறிது சிறிதாக மூடி, கழுத்து மானி கூட்டத்தில் காட்டிய அழுத்தத்துக்கு முள்ளைக் கொண்டுவந்து நிறுத்தினோம். 20 அடி விட்டக் கிணற்றில் மட்டம் ஓர் அடி இறங்கினால் 1,957 காலன். ஒன்றாம் நம்பர் 3 நிமிஷத்தில் மட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கியது. தகட்டில் எழுதிய 1,000 காலனை அது சத்தியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நம்பரும் ஏறத்தாழ அவ்வாறே. இரண்டாம் நம்பர் 10 நிமிஷம் ஓடியும் அரை அடிக்கு ஒரு நூல் மேல்தான் இறங்கிற்று. நிமிஷத்துக்கு வெறும் 100 காலன்! பலகையைப் பார்த்து அளவு சொல்லிக்கொண்டிருந்த காவற்காரர், தாம் தவறாகப் பார்த்துவிட்டோமோ என்று படியில் இன்னும் இரண்டு கட்டம் இறங்கிக் குனிந்து பார்த்தார்.

கடைசியாக வாட்மீட்டர்களை மாட்டி, மோட்டார்கள் உண்ணும் சக்தியை அளந்தோம். ஒன்றாம் நம்பர் 51 கிலோவாட். இரண்டாம் நம்பர் 30. "பாருங்கள், குறைவுதானே" என்று மூத்த டிரைவர் மெல்லச் சொன்னார். பெரியவர் கோபிக்கவில்லை. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு அவரிடமே கொடுத்தார். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றாம் நம்பர் 1,176 காலன் ஏற்றுகிறது. இரண்டாம் நம்பர் 200 காலன் ஏற்றுகிறது. நிமிஷக் காலனை மொத்த ஏற்ற அடியால் பெருக்கி 3,300ஆல் வகுத்தால் நீர் பெற்ற குதிரை சக்தி வரும் என்பது அக்காலத்தில் எங்களுக்கு வாய்ப்பாடு. அதன்படி பார்த்தாலும், மோட்டார் 35 குதிரை சக்தியைத் தண்டில் செலுத்த, நீரை ஏற்றுவதில் பயன்பட்டது ஐந்துதான். மிச்சமெல்லாம் உறைக்குள் சுழன்று வெப்பமாகப் போயிற்று. மையவிலக்குப் பம்பு எவ்வளவு குறைவாக நீர் தள்ளுகிறதோ அவ்வளவு குறைவாகவே மின்சாரம் இழுக்கும். சாது என்று நாங்கள் கொண்டாடியது உண்மையில் சும்மா இருந்தது. அந்தக் காகிதத்தை டிரைவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. வருஷக்கணக்காக ஊர் மக்கள் குடத்துடன் நின்றதற்கு, தாம் தட்டிக் கொடுத்து வந்த பம்பும் ஒரு காரணம் என்பதை அந்த நல்ல மனிதரால் தாங்க முடியவில்லை.

உறையைப் பிளந்து பார்த்தபோது, வெள்ளக் காலங்களில் நீரோடு ஏறிய பொடிமணல் இம்பெல்லரின் இதழ் விளிம்புகளை அரித்துத் தின்றிருந்தது. வேரிங் ரிங்கில், காகிதம் நுழையவேண்டிய இடைவெளியில் மேஸ்திரியின் சுண்டுவிரல் நகம் நுழைந்தது. தள்ளிய நீர் அந்த இடைவெளி வழியே உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. புது இம்பெல்லரும் ரிங்குகளும் போட்டு மூடியதும், முள் 80க்கு ஏறிற்று. மூங்கில் கோலைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் தம்பி பேசுது" என்றார் மேஸ்திரி. அவருடைய கோலுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதை எண்ணாக மாற்றிக் காட்டுவதற்குத்தான் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் எத்தனையோ நிலையங்களைப் பார்த்துவிட்டேன். காலன் போய் லிட்டர் வந்தது. மூங்கில் கோலின் இடத்தில் அதிர்வுமானி வந்தது. குழாயைத் துளைக்காமலே, வெளியில் கட்டி, ஒலியலையால் நீரோட்டத்தை அளக்கும் கருவி வந்தது. மிக அருமையான கருவி. ஆனால் அதற்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கேனும், பின்னால் ஐந்து மடங்கேனும் நேர்க்குழாய் வேண்டும். நம் நிலையங்களில் பம்பின் வாயிலிருந்து பொதுக் குழாய் வரை, வால்வும் வளைவுமாக நெருக்கியடித்து, அந்த நீளம் பெரும்பாலும் இருப்பதில்லை. அத்தகைய இடங்களில் நான் பெரிதும் மதிக்கும் முறை, நீரின் வெப்பத்தை அளப்பது. பம்பு வீணடிக்கும் சக்தியெல்லாம் நீரில் சூடாகச் சேர்கிறது அல்லவா? உறிஞ்சும் பக்கத்துக்கும் தள்ளும் பக்கத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை நுட்பமாக அளந்தால், ஓட்டத்தை அளக்காமலே திறமை தெரிந்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்ஸ் தேசத்தார் டர்பைன்களுக்காக வகுத்த இம்முறை, 1960களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் பம்புகளுக்கும் பயன்பட்டது. எங்கள் ஒன்றாம் நம்பர் போல் செவ்வனே ஓடும் பம்பில் அந்த வித்தியாசம் 0.04 டிகிரிதான் இருக்கும். இரண்டாம் நம்பரில் 0.7 டிகிரி இருந்திருக்கும். கைக்குத் தெரியாது, நுட்பமான வெப்பமானிக்குப் பொய் சொல்ல முடியாது.

கருவிகள் இவ்வளவு முன்னேறியும் நோய் மட்டும் மாறவில்லை என்பதே என் வருத்தம். சில வருஷங்களுக்கு முன்பு, கண்ணாடி அறையும் கணினித் திரையுமாக இருந்த ஒரு புது நிலையத்துக்குப் போயிருந்தேன். நாலு பம்புகளில் ஒன்றுக்கு மட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சாதனம் பொருத்தி, மின்சாரம் மிச்சமாகிறதென்று பெருமையாகக் காட்டினார்கள். வேகத்தை நூற்றுக்குப் பத்துக் குறைத்தால் தள்ளும் வலு நூற்றுக்கு 19 குறைந்துவிடும். முழு வேகத்தில் ஓடும் மற்ற மூன்றின் அழுத்தத்தின் முன் அது வாயடைத்துப் போகும். திரையில் ஆம்பியர் குறைந்திருந்தது. பொது அழுத்தம் சரியாயிருந்தது. அந்தப் பம்பின் பங்கு என்ன என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் மிக மரியாதையாக, "டோட்டல் ஃப்ளோ வருது, சார்" என்றார்.

ஆகையால், நீரேற்று நிலையங்களைப் பராமரிக்கும் இளம் என்ஜினீயர்களுக்கும், நகராட்சி, ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், இரண்டு மூன்று பம்புகளை ஒரே குழாயில் சேர்த்து ஓட்டும் அடுக்குமாடிச் சங்கத்தாருக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு பம்பின் கழுத்திலும், நான்-ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால், ஒரு காக்கும் ஓர் அழுத்தமானியும் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு, ஒரு கெட்ட பம்பு சில நாட்களில் தின்னும் மின்சாரத்துக்குக்கூட ஈடாகாது. பம்பு புதிதாக வந்த அன்றே வால்வை மூடி, அது காட்டும் அழுத்தத்தையும், சுழற்சியையும், ஆம்பியரையும் லாக் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே மானியை வைத்து அளந்து, அதன் கீழேயே எழுதி வாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எந்தப் பம்பு எத்தனை லிட்டர் ஏற்றியது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.